காலி செய்த இடத்தில் ஒரு நாடி

என் மேசைக்கு வந்தபோது, நோயாளியின் நாடியைத் திரையில் காட்டும் அந்தக் கருவியின் ஒரு மூலையில் யாருடைய வாந்தியோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் ட்ரூடி அதைக் கூரியரில் அனுப்பாமல், ஏரிக்காற்றில் சிவந்துபோன மூக்கோடு தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். துடைக்காமல் கொண்டுவந்தது வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

"கேபிள் கழண்டுச்சு, மறுபடி சொருகினேன். திரையில நாடி அழகா ஓடுது. ஆளு நீலம் பாரிச்சுக் கெடக்கான். கழுத்துல வெரல வெச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல" என்றாள். "பொழச்சுட்டான், அது வேற கதை. உங்க பொட்டிய நம்பறதா, என் வெரல நம்பறதா? அத மட்டும் சொல்லுங்க."

"வெரல நம்புங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஏரிக்கரை நகரமான டுலூத்தில் இந்தக் கருவிகளைச் செய்யும் கம்பெனியில், கெர்னல் என்ற அடிப்படை நிரலைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு நான் போன கோடையில்தான் வந்தேன். கருவிக்குள் ஓடும் எல்லா நிரல்களுக்கும் நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வேறு ஆளுக்குக் கொடுப்பதும் கெர்னல்தான். கேபிள் கழன்றதும், நாடி அலையை வைத்திருந்த இடம் காலி என்று திருப்பித் தரப்படுகிறது. திரையை வரைகிற பகுதிக்கு மட்டும் அதை யாரும் சொல்வதில்லை. அது பாட்டுக்குக் காலி செய்த வீட்டுக்குள் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

முன்பெல்லாம் அந்த இடத்துக்கு உடனே வேறொரு நிரல் குடிவந்துவிடும். திரையில் குப்பை தெரியும், கருவி படுத்துவிடும். அதில் ஒரு யோக்கியமாவது இருந்தது. காரணம் தேடாமல் யாரோ நாடிக்குக் கேட்கும் இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். படுப்பது குறைந்தது. அடுத்த புகார் வந்தபோது இன்னும் பெரிதாக்கினார்கள். இப்போது அவ்வளவு பெரிய இடத்தை வேறு எந்த நிரலும் கேட்பதில்லை. அதனால் பழைய நாடி கலையாமல் அங்கேயே கிடக்கிறது. திரை அதையே திரும்பத் திரும்ப வரைகிறது. படுத்துப்போன கருவியைப் பொய் சொல்லும் கருவியாக்கி, அதற்குத் திருத்தம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பழைய திருத்தங்களைப் படித்து முடித்ததும் எனக்கு ஃபிரிட்ஜ்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸ் ஃபிரிட்ஜில் அக்டோபரில் யாரோ வைத்த ஹாட்டிஷ், இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பண்டம், இன்னும் இருக்கிறது. நாறும்போதெல்லாம் யாராவது மேலே ஓர் அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

எழுதியவர் பெயருக்குக் கீழே, படித்துப் பார்த்தேன் என்று இன்னொருவர் பெயரும் விழுந்தால்தான் எங்கள் தொழிலில் ஒரு திருத்தம் உள்ளே போகும். இடத்தைப் பெரிதாக்கிய திருத்தங்கள் அத்தனையின் கீழும் இருந்தது ஒரே பெயர். வெய்ன் க்ரோன்லண்ட், எங்கள் குழுத் தலைவன். யார் பிறந்தநாளையும் மறக்காதவன், எல்லோருக்கும் லெமன் பார் கேக் செய்துகொண்டு வருபவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

கோளாறை அவனிடம் சொன்னேன். "அட, அந்த எடமா? இன்னும் கொஞ்சம் சேத்து விடும்மா. வெள்ளிக்கிழம புது லோடு கெளம்பணும்ல" என்றான்.

சரியான திருத்தம் இரண்டு வரிகளை இடம் மாற்றுவதுதான். முதலில் வரைவதை நிறுத்து, பிறகு இடத்தைத் திருப்பிக் கொடு. எழுதி முடித்தேன். ஆனால் வெய்னுக்கு அதை அனுப்பவில்லை. நீளமான விளக்கம் எழுதி, அடியில் ஒன்றையுமே மாற்றாமல், பழைய கோளாறையே வேறு பெயர்களில் திருப்பி எழுதி அனுப்பினேன். காபி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பதில் வந்திருந்தது. 'படித்துப் பார்த்தேன். அருமை.' கீழே அவன் பெயர்.

அதை ரத்து செய்துவிட்டு, சரியானதை அனுப்பினேன். அவன் மேசைக்குப் போய் நின்றேன்.

"மொதல்ல அனுப்பினதுல என்ன படிச்ச வெய்ன்?"

"உன் பேரு இருந்துச்சு, அதப் படிச்சேன்." வாய் நிறைய சிரித்தான். "உன்மேல அவ்ளோ நம்பிக்க மார்னா. பாராட்டும்மா இது."

அருவருப்பு என்றால் உடம்பில் எங்கே இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நாக்கின் அடியில் இருக்கிறது.

"வா" என்றேன். ட்ரூடியின் கருவிக்கு முன் உட்காரவைத்தேன். கறையைப் பார்த்து முகம் சுளித்தான். "இதத் தொடைக்கக் கூடாதா?"

"வெரல நீட்டு."

ஆள்காட்டி விரலில் நாடி பிடிக்கும் கிளிப்பை மாட்டினேன். பச்சை அலை ஓடியது, எழுபத்தெட்டு. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன்.

"எழுபத்தெட்டு. நல்லாத்தானே ஓடுது?" என்றான்.

"கிளிப்பக் கழட்டு."

கழற்றினான். அலை ஓடிக்கொண்டே இருந்தது. சிரிப்பு போய்விட்டது. கிளிப்பை மேசைமேல் வைத்தான், அப்புறம் தள்ளி வைத்தான்.

"இது யாரோடது?" என்றான்.

பக்கத்துத் திரையில் என் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றின் கீழே இன்னொரு பெயருக்கான இடம் காலியாக இருந்தது. வெய்ன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எழுபத்தெட்டைப் பார்த்தபடியே, வெறும் விரலை மெதுவாகத் தன் கழுத்துக்குக் கொண்டுபோய், நாடியைத் தேடிக்கொண்டிருந்தான்.