இரண்டாவது மாத்திரை

லாரி மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் தம்பியின் மூச்சு அக்காவின் காதில் விழுந்தது. எஞ்சின் இரைச்சலையும் பின்னால் ஆடுகளின் கத்தலையும் மீறிக் கேட்டது. மாடிப்படி ஏறி வந்தவன் போல அவனுக்கு இரைத்தது. அவனோ வெறுமனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஓரமா நிறுத்துடா."

"இந்த வளைவு முடியட்டும்க்கா."

"இப்பவே நிறுத்துன்னு சொல்றேன்ல!"

வண்டி நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அடுத்த வளைவில் லாரி கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனது. மேலே ஏறி வந்த பஸ் ஹாரனை அலறவிட்டு மயிரிழையில் ஒதுங்கியது. அவள் பாய்ந்து ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்தாள். நல்லவேளை, அவன் கால் பிரேக்கை மிதித்தது. பக்கக் கண்ணாடி பாறையில் உரசிச் சிதற, வண்டி நின்றது.

அக்கா அவனை இழுத்துப் பக்கத்து இருக்கையில் சாய்த்துவிட்டு, தானே ஓட்டினாள். சரிவில் கியரை மாற்றிய கையாலேயே அடிக்கடி அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த லாரி இருவருக்கும் சொந்தம். சந்தைகளுக்கு ஆடு ஏற்றிப் போவதுதான் தொழில். வியாபாரிகள் அவளைப் பெரிய டிரைவர் என்றும் அவனைச் சின்ன டிரைவர் என்றும் கூப்பிடுவார்கள். போன வருடம் சின்ன டிரைவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும், திரும்ப வரும். ஆள் பாதியாய் இளைத்துவிட்டான். ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்த இடங்களிலெல்லாம் எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். கடைசியில் இதய டாக்டரம்மா ஒருவர்தான், "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வண்டியில எப்பவாவது ஆடு குட்டி போட்டிருக்கா?"

போட்டிருக்கிறது. நடுவழியில் ஒரு ஆடு ஈன முடியாமல் திணறியபோது, தம்பிதான் கையை விட்டுக் குட்டியை வெளியே எடுத்தான். அக்கா விளக்குப் பிடித்தாள்.

ஆட்டின் நஞ்சுக்கொடியிலிருந்து மூச்சு வழியாக வரும் கிருமி அது. அக்காவின் ரத்தத்திலும் அது வந்துபோன தடம் இருந்தது. அவள் உடம்பு விரட்டிவிட்டது. தம்பிக்குப் பிறவியிலேயே இதய வால்வு ஒன்று கோணல். அங்கே போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வருடத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. சோறு இறங்கியது. ஸ்டியரிங்கைத் தொடாதே என்றால் கேட்பானா? இறக்கத்தில் மட்டும் ஓட்டுகிறேன் என்று அன்று காலையில் கெஞ்சி ஸ்டியரிங்கை வாங்கியிருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆடுகளோடு லாரி வந்து நின்றதைப் பார்த்துக் காவலாளி ஓடி வந்தார்.

"ஏம்மா, இது என்ன கால்நடை ஆஸ்பத்திரியா?"

"ஆடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனுசனை இறக்க ஒரு கை குடுங்க!"

அவர் உள்ளே ஓடி, தள்ளுவண்டியை இழுத்து வந்தார்.

ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஆட்டுக்காரருக்குப் போன் போட்டு வேறு வண்டி வரவழைத்துவிட்டு அக்கா உள்ளே ஓடியபோது, டாக்டரம்மா கட்டிலருகே நின்றிருந்தார். வால்வு அரித்துப் போயிருந்தது. கிருமி குறைந்தால் தானும் இறங்க வேண்டிய எதிர்ப்புப் பொருளின் அளவு ரத்தத்தில் ஏறியிருந்தது.

"ரெண்டு மாத்திரையும் விடாமப் போடுறீங்கதானே?"

"போடுறேன் டாக்டர்," என்றான் தம்பி, முகமூடிக்குள்ளிருந்து.

"போன வாரம் நீங்க குடுத்த ரத்தத்துல ஒரு மருந்துதான் இருக்கு. ரெண்டாவது துளிகூட இல்லையே?"

அக்கா அவனையே பார்த்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது மலேரியா மாத்திரைக்கா," என்றான் மெல்ல. "எனக்கு மலேரியாவே கிடையாது. டப்பாவுக்குள்ள இருந்த தாளைப் படிச்சேன். ரொம்ப நாள் சாப்பிட்டா கண்ணு போகலாம்னு போட்டிருக்கு. கண்ணு போயிட்டா நான் எதை ஓட்டுறது? காய்ச்சல்தான் நின்னுடுச்சேன்னு விட்டுட்டேன்."

அக்காவின் வாய்வரை வந்த வசவு அங்கேயே நின்றது. கண் என்றதும் அவளும் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் குடுத்தேன்னு நான் அன்னிக்கே விளக்கிச் சொல்லியிருக்கணும். கேளுங்க. இந்தக் கிருமி ரத்தத்துல சும்மா மிதக்குற ரகம் இல்ல. செல்லுக்குள்ள போய்க் குடியிருக்கும். செல்லுக்குள்ள குட்டிக் குட்டியா அமிலப் பை உண்டு, நம்ம இரைப்பை மாதிரி. உள்ளே வர்ற கிருமியை அதுல போட்டுக் கரைக்கும். மத்த கிருமி கரைஞ்சிடும். இதுக்கு அந்த அமிலம் பட்டாத்தான் பசியே எடுக்கும்."

"அங்க அதுக்குத் திங்க என்ன இருக்கு?" என்றாள் அக்கா.

"செல் தனக்காகக் கரைச்சு வெச்ச புரதமெல்லாம் அங்கதானே வந்து சேருது. உட்கார்ந்த இடத்துலயே எடுத்துக்கும். பையைப் பெருசாக்கிக்கும். சோறு போடுற செல் சாகக் கூடாதுன்னு அதையும் பிடிச்சு நிறுத்தி வெச்சுக்கும். முதல் மாத்திரை கிருமியைக் கொல்ற மருந்து. ஆனா அவ்வளவு அமிலத்துல அதுக்குப் பல்லு கிடையாது. மலேரியா மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கும். கிருமிக்கும் சாப்பாடு இறங்காது, முதல் மருந்தும் வேலை செய்யும்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "அப்போ இத்தனை மாசமும் உள்ள உட்கார வெச்சு நானே விருந்து போட்டிருக்கேன்."

"கண்ணை நாங்க அப்பப்பச் சோதிப்போம். கெடுதல் ஆரம்பிச்சா பெரும்பாலும் முன்னாடியே தெரிஞ்சிடும். இப்ப அவசரம் வால்வுதான். மாத்தியாகணும், இன்னிக்கே."

ஆபரேஷன் அறைக் கதவு மூடியபின் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். அவன் எப்போதும் தண்ணீர் பாட்டிலோடு வண்டிக்குப் பின்பக்கம் போய்த்தான் மாத்திரை போடுவான். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். தங்கள் அம்மாவைப் போலவே அவனும் பொய் சொல்லத் தெரியாதவன் என்றல்லவா நினைத்திருந்தாள். கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும் எழுந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள்.

வெளியே வெயில் சாய்ந்த பிறகு டாக்டரம்மா வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு நொடி சுவரில் சாய்ந்து நின்றார்.

"ரத்தம் நிறைய போச்சு. ஒரு கட்டத்துல நாங்களே பயந்துட்டோம். ஆனா புது வால்வு பிடிச்சுக்கிச்சு. இதயம் தானா ஓடுது."

அக்கா எழுந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே மனம் வரவில்லை.

மறுநாள் தம்பி கண் விழித்தபோது வாங்கு வாங்கென்று வாங்குவதற்குத் தயாராகத்தான் அவள் உள்ளே போனாள். குழாய்களும் வயர்களுமாகக் கிடந்தவனைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"நீயும் பயந்துடுவியேன்னுதான்."

"பயந்துட்டுப் போறேன். உன்னைவிட நல்லா பயப்படுவேன்டா நான்."

சிரிக்கப் பார்த்தான், தையல் இழுத்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ரத்தத்தில் அந்த அளவு இறங்கப் பல மாதம் ஆனது. ஒரு முறை இறங்காமல் அப்படியே நின்று இருவரையும் வாட்டி எடுத்தது. அடுத்த முறை இறங்கியது. கிருமி மருந்து சாப்பிடுகிறவனுக்கு வெயில் ஆகாது. முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் முகத்தைச் சுற்றிய துண்டுமாக அவன் சந்தையில் இறங்கினால், வியாபாரிகள், "சின்ன டிரைவரே, எந்த பேங்க்ல கொள்ளையடிக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். சினை ஆட்டை ஏற்றச் சொல்லி யார் எவ்வளவு கெஞ்சினாலும் அவள் ஏற்றுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்து அவளிடம் காட்டுவான். விழுங்கிவிட்டு வாயையும் திறந்து காட்டுவான்.

"நாக்கைத் தூக்கு," என்பாள் அக்கா.