கேட்டில் கட்டாத வெள்ளைத் துணி

இந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல், 'கப்பல்' என்று ஊரே கூப்பிடும் இன்ஜின் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பொங்கியதே கிடையாது. இதைச் சொன்னவன் கப்பலேதான்; படகுத்துறையில், நெஞ்சில் கை வைத்து, துளியும் சிரிக்காமல்.

ஆகவே பேரலை ஒத்திகைக்கு அவன் வரவேண்டிய அவசியமில்லை.

தெருவின் ஒத்திகைத் தலைவி அவனுடைய அக்கா, தையல்காரி. அபாயச் சங்கு ஊதியதும் எல்லாரும் மேட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஏற வேண்டும். கிளம்பும்போது கேட்டில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். துணி இல்லாத வீட்டில் ஆள் இருப்பதாகக் கணக்கு. தலைவி இறங்கிவந்து தேட வேண்டும். இரண்டாம் சங்குக்குள் தெரு முழுக்க மேலே நின்றால், புதுச் சங்குக் கம்பம் அவர்கள் தெருவுக்கு. துறையிலிருக்கும் பழைய சங்கு, எதிர்க்காற்றடித்தால் அக்கா வீட்டுத் தொட்டில் வரை கேட்காது.

"துணியைப் பார்த்துட்டு கடல் வெட்கப்பட்டுத் திரும்பிடுமாக்கா?"

"வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுடா. கட்டிட்டு வந்து சேரு."

சங்கு அலறியது. தெருவே பீறிட்டுக் கிளம்பியது! ரொட்டிக்கடைக்காரர் கையில் மாவோடு ஓடினார். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவை அவருடைய மருமகள்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பறந்தார்கள்; அவரோ, "வேகம் பத்தாது, வேகம்!" என்று மேலிருந்து அதட்டினார். கேட்டுக்குக் கேட்டு வெள்ளை படபடத்தது.

கப்பல் ஜன்னலோரம் டீ குடித்தபடி இந்தக் கூத்தை ரசித்தான். கடைசி ஆளும் மேடேறியதும் மேலே ஆரவாரம் கிளம்பியது. சட்டென்று அடங்கியது.

ஒரே ஒருத்தி படிகளில் கீழே ஓடிவந்துகொண்டிருந்தாள். பிள்ளையை யார் கையிலோ கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க, அக்கா.

"அக்கா, திரும்பு! சங்கு ஊதப்போறாங்க!" மேலிருந்து தெருவே கத்தியது. அவள் நிற்கவில்லை. அவள் கண் ஒரே ஒரு கேட்டின்மேல்.

யார் வீட்டுக் கேட் அது என்று கப்பலுக்குப் புரிய, ஒரு மிடறு டீ தேவைப்பட்டது.

எண்ணெய்க் கறை படியாத வெள்ளைத் துணி வீட்டில் ஒன்றுதான்: போட்டோவுக்கு மட்டும் போடும் சட்டை, இப்போது உடம்பில். கழற்றினான். வாசலுக்குப் பாய்ந்து, கேட்டில் அக்கா சொல்லிக்கொடுத்தபடியே இரட்டை முடிச்சாகப் போட்டு, இழுத்தும் பார்த்துக்கொண்டான்.

படியில் அக்கா நின்றாள். திரும்பி மேலே ஓடினாள்.

வெற்றுடம்போடு, வாயைத் திறக்காமல், அவள் பின்னாலேயே கப்பலும் ஓடினான்.