பாதி வேகம்

மோட்டார் எரிந்த அன்று லுத்ஃபியாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மிளகாய் நெடியையும் மீறிக்கொண்டு வார்னிஷ் கருகும் நாற்றம் கடையெங்கும் பரவியது. "சரி, இது ஒண்ணுதான் பாக்கி" என்று சுவிட்சை அணைத்துவிட்டு அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்பார்கள். அவளுக்கு இந்த வருஷம் மழையும் காற்றும் சேர்ந்தே வந்திருந்தன.

புலாவ் செபாங் கடைத்தெருவில் மீரா சாஹிப்பின் மாவு மில்லைத் தெரியாத ஆள் கிடையாது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வறுத்த மிளகாயும் மல்லியும் பிஸ்கட் டின்களில் வந்து இறங்கும். அங்கே மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, டின்கள்தான் நிற்கும். வாசல் நடைபாதையில் டின்னை வைத்துவிட்டு ஆட்கள் எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் டின் அதன் இடத்திலேயே இருக்கும். ஊரில் எதைத் திருடினாலும் அந்த வரிசையைக் கலைக்க எவனுக்கும் துணிச்சல் வராது.

நோன்புப் பெருநாள் கழிந்த கொஞ்ச நாளில் லுத்ஃபியாவின் கணவர் மீரா சாஹிப்புக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிச்சம். மில்லுக்கு ஒரே சுவர் தள்ளியிருந்த அறையில் அவருக்குக் கட்டில் போட்டாள். அதுவரை சமையலறையைத் தாண்டாத லுத்ஃபியா மில்லையும் கையில் எடுத்தாள். ஒரே மகள் ஜொகூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். அவளைக் கூப்பிட மனம் வரவில்லை. காலையில் கணவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, பிறகு மில்லைத் திறந்து, தும்மித் தும்மி அரைத்து, நடுநடுவே உள்ளே ஓடி... இருப்பது ஒரு உடம்பு. அதை எத்தனை வேலைக்குத்தான் பங்கு வைப்பாள்?

மில் ஓடத் தொடங்கினால் உள்ளே அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார். டக், டக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டக், டக். பக்கத்தில் போனால்தான் அது கேட்கும். தண்ணீரா என்பாள். இல்லை. ஒன்றுக்கு வருகிறதா? அதுவும் இல்லை. கண்ணால் மில் பக்கத்துச் சுவரைக் காட்டுவார். சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அந்த இரைச்சலில் அவளுக்கே பல் கூசியது. படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

மில்லை ஒட்டிய சுவரில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி இருந்தது. மோட்டார் வேலை பார்க்கும் வசந்தன் மாட்டிவிட்டுப் போனது. முன்பெல்லாம் மில்லைப் போட்டால் பக்கத்து முடிதிருத்தும் கடையில் விளக்கு மங்கும், சவரக்கத்தியோடு நிற்கிறவர் அங்கிருந்தே வைவார். பெட்டி வந்தபின் மோட்டார் மெல்ல முனகி எழுந்து, அப்புறம்தான் வேகம் பிடித்தது. அதன் முகத்தில் ஒரு குமிழ் இருந்தது. சிவப்பு எழுத்தில் ஐம்பது என்று எரியும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அந்தக் குமிழை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். நாற்பது, முப்பது என்று எண் இறங்க இறங்கச் சத்தமும் இறங்கியது. இருபத்தைந்துக்கு வந்தபோது மில்லின் அலறல் வெறும் உறுமலாகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தாள். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை மூடியிருந்தார்.

அன்றிலிருந்து மில் இருபத்தைந்தில்தான் ஓடியது. "இப்பல்லாம் நல்லா தூங்குறாங்க" என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தூள் கொரகொரப்பாக விழுந்தது. ஒரு டின் அரைக்கிற நேரம் இரண்டு மடங்காயிற்று. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஊரான தம்பினுக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் நிம்மதியாக இருந்தால் போதும். தீபாவளிக் கூட்டம் வந்து டின் வரிசை மறுபடி நீண்டபோதுதான் மோட்டார் கருகியது.

வசந்தன் வந்து மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினான். முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

"எத்தனைல ஓட்டுனீங்கக்கா?"

"இருவத்தஞ்சுல. ஒரு மூணு வாரமா. மெதுவா ஓட்டுனா மோட்டாருக்கு நல்லதுதானே, தம்பி?"

"எல்லாரும் அப்படித்தான்க்கா நெனைக்கிறாங்க." மோட்டாரின் வாலில் இருந்த சின்ன விசிறியை விரலால் சுற்றிக் காட்டினான். "இந்த ஃபேன், மோட்டார் சுத்துனாதான் சுத்தும். லைன்ல வர்ற கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ முன்னயும் பின்னயும் போய் வரும். மோட்டார் அந்தத் தாளத்துக்குத்தான் ஓடும். இந்தப் பொட்டி அத வாங்கி, மொதல்ல ஒரே நேரா ஆக்கிடும். அப்புறம் துண்டு துண்டா நறுக்கி, நம்ம வைக்கிற தாளத்துக்குப் புதுசா செஞ்சு அனுப்பும். நீங்க பாதி வச்சீங்க, மோட்டார் பாதில ஓடிச்சு. ஃபேனும் பாதிதானே? காத்து பத்தல. ஆனா மொளகா அதே மொளகா, இழுக்குற இழுப்பு கொறையல. சூடு உள்ளயே நின்னு வெந்துபோச்சு."

"பொட்டிக்குத் தெரியாதா அது?"

"பொட்டிக்கு எவ்ளோ கரண்டு போகுதுன்னு தெரியும். மோட்டாருக்கு ஒடம்பு சுடுதுன்னு தெரியாது. அதுக்குத் தனியா ஒயர் இழுக்கணும், இந்தப் பழைய மோட்டார்ல அது இல்ல. நான்தான் அந்தக் குமிழ பூட்டிட்டுப் போயிருக்கணும். என் தப்பும் இருக்கு லா."

லுத்ஃபியா அந்த விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில்லாமல் நின்று வேகுவது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"மெதுவா ஓட்ட வழியே இல்லையா?"

"ஃபேனுக்குன்னு தனி மோட்டார் வச்சது இருக்கு. சொல்லி வரவைக்கணும், தீபாவளிக்குள்ள வராது. நாளைக்கு ஒரு பழைய மோட்டார் கொண்டாந்து மாட்டுறேன். ஆனா இத அம்பதுலதான் ஓட்டணும்க்கா."

ஐம்பது என்றால் அதே அலறல்தான். மில்லை மூடினால் அடுப்பு எரியாது. கணவரை அங்கே வைத்துக்கொண்டு ஓட்டினால் மறுபடி கட்டிலை அடிப்பார். லுத்ஃபியா அன்று மாலையே சுங்கை ஊடாங்கில் இருக்கும் அவருடைய அக்கா நூர் பீவிக்குப் போன் செய்தாள். "கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டும் லாத்தா. அங்க சத்தம் இல்ல." நூர் பீவி மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் காரோடு வருவதாகச் சொன்னாள்.

காலையில் அவருடைய சாரங்களை மடித்துப் பையில் வைத்தபோது லுத்ஃபியாவுக்குத் துக்கமாக இருந்தது. துக்கம் மட்டுமில்லை. இன்று இரவு நடுவில் எழ வேண்டியதில்லை, புரட்டிப் படுக்கவைக்க வேண்டியதில்லை, விடியும்வரை தூங்கலாம் என்ற நினைப்பும் கூடவே வந்தது. யா அல்லாஹ், என்ன மனசு இது என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். வைதும் அந்த நினைப்பு போகவில்லை. அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய் போகிறார் என்று கேள்விப்பட்டுத் திலகா பார்க்க வந்தாள். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வருஷக்கணக்காக இங்கேதான் அரைக்கிறவள். மிளகாய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் நல்லாயிடுவீங்க பாய்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டாரை மாட்டி முடித்த வசந்தன் பெட்டியை முடுக்கினான். முனகல் எழுந்தது, உறுமலாயிற்று, ஏறி ஏறி முழு அலறலுக்குப் போய் நின்றது. கட்டிலே அதிர்ந்தது. லுத்ஃபியா காதைப் பொத்தப் போனாள்.

மீரா சாஹிப் கண்ணைத் திறந்தார். இடது கை எழுந்து சட்டத்தில் விழுந்தது. டக், டக்.

திலகா சட்டென்று எழுந்து, டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மில் பக்கம் நடந்தாள்.

"ஏய், எங்க போற?" என்று லுத்ஃபியா கத்தினாள்.

திலகா திரும்பிப் பார்த்து, தானே திகைத்துப்போய் நின்றாள். "பாய் கூப்பிட்டாருல்ல?"

"கூப்பிட்டாங்களா?"

"இந்தச் சத்தத்துல வாயால கூப்பிட்டா யாருக்குக்கா கேக்கும்? அளக்குற டப்பாவால மில்லு வாயில ரெண்டு தட்டு தட்டுவாரு. அடுத்த டின்னு வான்னு அர்த்தம். அது கேட்டா எங்க கால் தன்னால எந்திரிச்சிடும்."

லுத்ஃபியா அந்தத் தட்டலைச் சமையலறையிலிருந்து ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறாள். ஒட்டிய மாவை உதிர்க்கிறார் என்று நினைத்திருந்தாள். வரிசையில் டின் வைத்துக் காத்திருந்தால் அல்லவா தெரியும்? அவளுக்குப் பின்கட்டு வழியாக அரைத்த மாவே வந்துவிடும்.

கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நீங்க... வேலை பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் தலையசைத்தார்.

"அப்ப நான் மெதுவா ஓட்டுனப்ப? தூங்கலையா நீங்க?"

இல்லை என்று தலையை ஆட்டினார். உதடு கோணி இழுத்தது. வலக்கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க இடது கை வரவில்லை. அது சட்டத்தின் மேலேயே இருந்தது.

"மில்லு முடிஞ்சு போச்சுன்னு நெனச்சீங்களா?"

அதற்கு அவர் தலையசைக்கவே தேவையிருக்கவில்லை. மூன்று வாரம் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். அவரோ தன் மில்லின் மவுத்துக்குத் துக்கம் காத்து உட்கார்ந்திருப்பவரைப் போல ஜன்னலைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். லுத்ஃபியா முந்தானையால் அந்தக் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்துபோய்த் திலகாவின் மிளகாயை மில்லில் கொட்டினாள்.

நூர் பீவி வந்தபோது இரண்டாவது டின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பை எங்க லுத்ஃபியா? கெளம்புவோம்."

"அவங்க வரல லாத்தா!" தொண்டை கிழியக் கத்தினாள். "அவங்க இங்கதான் இருக்கணும்!"

"இந்தச் சத்தத்துலயா? எப்படித் தாங்குவான்?"

"அவங்க தாங்குவாங்க!"

நூர் பீவி மேலும் கீழும் பார்த்தாள். லுத்ஃபியா திரும்பி மில்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் தானாகத் திறந்தது. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எனக்குத்தான் முடியல."

அவள் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. மகளிடம் இல்லை, தொழுகைப் பாயில்கூட இல்லை. நூர் பீவி காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"என்ன சொன்ன? கேக்கல!"

லுத்ஃபியா அவளைப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லத் தெம்பு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அடுத்த டின்னை எடுக்க வாசலுக்குப் போனாள்.