காலுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்

எங்கள் குடும்பத்தில் கதை சொல்வதென்றால் நான்தான். கல்யாண வீடோ பெருநாள் விருந்தோ, சாப்பிட்டுக் கை கழுவியதும் யாராவது ஒருவர், "நூருன்னிசா, அந்தத் தியேட்டர் கதையச் சொல்லு" என்பார். நானும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சொல்வேன். அதனால் சமூக மன்றத்திலிருந்து அனிதா என்ற பெண் வந்து, "பழைய தியேட்டரப் பத்தி உங்க ஞாபகத்த வீடியோ எடுக்கணும் ஆன்ட்டி" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிடோக் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருக்கும் மாலின் மேல் மாடியில்தான் அந்தத் தியேட்டர் இருந்தது. சனி, ஞாயிறு தமிழ்ப் படம் போடுவார்கள். மூடி வெகு காலம் ஆகிவிட்டது. இப்போது அங்கே டியூஷன் சென்டர் நடக்கிறது. திரை இருந்த சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டியிருக்கிறார்கள்.

கேமரா முன்னால் நான் சொன்ன கதை இதுதான். நான் நிறைமாதம். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஆனாலும் படம் பார்த்தே தீருவேன் என்று அடம். என் வீட்டுக்காரர் ஃபாரூக் நடுவில் ஒரு சீட்டைக் காலியாக விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். விளக்கு அணைந்ததும் குனிந்து என் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, படம் முடியும்வரை பிடித்துவிட்டார். நடுவே டார்ச் லைட்டோடு வந்த தியேட்டர் ஊழியர், நம்ம தமிழ் ஆள்தான், "சார், கால கீழ வைக்கச் சொல்லுங்க" என்றார். "இந்தக் காலுக்கும் சேத்துதான் தம்பி டிக்கெட் வாங்கியிருக்கேன். லைட்ட அணைங்க" என்றார் இவர்.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அனிதாவும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஃபாரூக் புதுமாப்பிள்ளை மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

அனிதா அனுப்பிய வீடியோவைப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். கடைக்குட்டி யூசுப் அன்று மாலையே கூப்பிட்டான்.

"உம்மா, வீடியோ நல்லாருக்கு லா. ஆனா வயித்துல இருந்தது யாரு?"

"ஏன், நீதான்."

"எப்படி உம்மா? அந்த மால் தொறந்தப்ப நான் பிரைமரி ஒன். பலூன் குடுத்தாங்க, எஸ்கலேட்டர்ல மாட்டி வெடிச்சு, நான் அழுது ஊரக் கூட்டுனேன். எனக்கப்புறம் யாரும் பொறக்கலையே."

"அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று ஃபோனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஃபாரூக்கிடம் கேட்டேன்.

"தியேட்டர்ல நீங்க என் காலப் புடிச்சு விட்டீங்களா இல்லையா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "இத்தன வருஷமா நீதானே சொல்ற. புடிச்சிருப்பேன்."

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தக் கால் ஹஸீனாவின் கால். மடி அவள் புருஷன், என் தம்பி சாகுல் ஹமீதின் மடி.

சொந்த வீடு கிடைக்கும்வரை அவர்கள் இரண்டு பேரும் எங்களோடுதான் இருந்தார்கள். ஒருநாள் சமையலறையில் நானும் ஹஸீனாவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, தம்பி மனைவி என்ற கூச்சத்தோடு அவள் இதைச் சொன்னாள். "டார்ச் அடிச்சாங்க ராத்தா. அவரு என்னமோ சொன்னாரு, அணைச்சிட்டுப் போயிட்டாங்க." தம்பி கூப்பிடுவதைப் போலவே அவளும் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். என்ன சொன்னான் என்று துருவிக் கேட்டேன். வாயைப் பொத்திச் சிரித்தாளே தவிர சொல்லவில்லை.

அன்று அவள் வயிற்றில் இருந்தவள் தமன்னா. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த கொஞ்ச காலத்தில் தம்பி மாரடைப்பில் மவுத்தாகிவிட்டான். பிறகு ஹஸீனா வாயிலிருந்து இந்தக் கதை வரவே இல்லை. என் வாயிலிருந்து வந்தது, அதுவும் அவளும் மகளும் இல்லாத விருந்துகளில். முதலில் தம்பி கதையாகத்தான் சொல்லியிருப்பேன். எப்போது என் கதையானது என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் ஏன் என்று தெரியும். பொறாமை. வெங்காயம் உரித்த அன்றே பொறாமை. மூன்று பிள்ளை சுமந்த என் காலை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

டிக்கெட் வாங்கியிருக்கேன் என்ற அந்தப் பதில் இருக்கிறதே, அது தம்பி சொன்னதே இல்லை. ஒரு கல்யாண விருந்தில் கதை கொஞ்சம் சப்பென்று போவதைப் பார்த்து நானாகச் சேர்த்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அது கதையில் ஒட்டிக்கொண்டது. தம்பி நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். அந்த மாதிரிப் பதில் என் வாயில்தான் வரும்.

சமூக மன்றத்தார் சனிக்கிழமை மாலில் எல்லோருக்கும் வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். அதற்குள் ஹஸீனாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் தேக்காவுக்குப் போனேன். தேக்கா சென்டர் மேல் மாடியில் அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். படியேறும்போதே மன்னிச்சிரு என்று ஆரம்பிப்பதா, ஒரு தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பிப்பதா என்று ஒத்திகை பார்த்தேன். அவள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கீழேயிருந்து குடிக்கச் சூடாகத் தே வாங்கி வந்தாள்.

"சனிக்கிழம கடைய சீக்கிரமா அடைச்சிட்டு வரேன் ராத்தா. எனக்கும் அந்தத் தியேட்டர்ல ஒரு ஞாபகம் இருக்கு" என்றாள்.

நான் ஜன்னல் திரைக்கு அளவு சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை புதிதாகத்தான் போட்டிருக்கிறது. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் இறங்கும்போது என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. அனிதாவை ஒரு வார்த்தை கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கூப்பிடவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டியிருந்தார்கள், அதை விட மனசு வரவில்லை.

சனிக்கிழமை மாலின் நடுக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பெரிய திரை கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஃபாரூக், மறுபக்கம் ஹஸீனா. திரையில் என் முகம் பூதாகாரமாக வந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசியது. வீங்கிய கால் என்றதும் ஹஸீனா தன் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். டார்ச் வந்தது, பதில் வந்தது, கூட்டம் சிரித்தது. ஹஸீனா மட்டும் சிரிக்காமல் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண்மணி ஃபாரூக்கின் தோளைத் தட்டி, "உங்க வீட்டுக்காரம்மா குடுத்து வச்சவங்க" என்றாள். மனிதர் கூசாமல் தலையாட்டினார்.

அனிதா மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ரெண்டு வார்த்த பேசுங்க ஆன்ட்டி."

இது என் கதை இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். எந்தச் சபையிலும் என்னைக் கைவிடாத வாய், "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்றது. கைதட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் நான் செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

கூட்டம் கலைந்து எல்லோரும் கறிபாப் பலகாரத் தட்டைச் சுற்றி நின்றபோது ஹஸீனா என் பக்கத்தில் வந்தாள்.

"பேர மட்டும் மாத்திட்டீங்க ராத்தா" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஹஸீனா, நான் வேணும்னு..."

"அத விடுங்க. அந்த வீடியோவ எனக்கு அனுப்பி விடுங்க. டார்ச் அடிச்சவர்கிட்ட உங்க தம்பி என்ன சொன்னாருன்னு எனக்கு மறந்தே போச்சு. எத்தனையோ நாள் யோசிச்சுப் பாத்துட்டேன், வரவே இல்ல. எப்பவோ உங்ககிட்ட சொல்லியிருக்கேன் போல. நல்லவேள, நீங்களாவது ஞாபகம் வச்சிருந்தீங்க."

அவள் கண் நிறைந்திருந்தது. நான் தட்டிலிருந்த கறிபாப்பைப் பார்த்துக்கொண்டே ஃபோனை எடுத்து அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அனிதாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வீடியோவ எடுத்துடறேன் ஆன்ட்டி" என்றாள், மரியாதையாகத்தான். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அது ஹஸீனாவின் கதை என்றேன். யூசுப் சிரித்தான். ஃபாரூக்குக்கு ஒரு வாரம் முகம் தொங்கிப்போனது. மானம் போனது உண்மைதான், ஆனால் அதைத் தாங்க முடிந்தது. அந்த ஒரு வரி நானாகச் சேர்த்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதை முதலில் ஹஸீனாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று மறுபடி தேக்காவுக்குப் போனேன்.

கடைக்கு முன்னாலேயே தமன்னாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. லீவு போட்டுவிட்டு உம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் துணிக்கடையில் தொங்கிய சேலைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"அத்தாவா இப்படிச் சொன்னாங்க?" என்றாள் தமன்னா. "நெஜமாவா உம்மா? எனக்கு அவங்க கொரல்கூட ஞாபகம் இல்ல. இப்படியெல்லாம் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"நல்லா பேசுவாங்க, எங்கிட்ட மட்டும்" என்றாள் ஹஸீனா.

"இன்னொரு தடவ சொல்லுங்க. அத்தா சொன்ன மாதிரியே சொல்லுங்க."

தையல் மெஷின் நின்றது. ஹஸீனா குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "இந்தக் காலுக்கும் சேத்துதான் தம்பி டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்றாள்.

நான் சொல்லும்போது எங்கே நிறுத்தி மூச்சு விடுவேனோ, அங்கேயே அவளும் நிறுத்தினாள்.

துணிக்கடைக்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.