குடையில் பதினாறு கீறல்

அண்ணனும் தங்கையும் ஒருவரை விட்டு ஒருவர் நான்கு அடிக்கு மேல் விலக முடியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு. ஏழு தெரு இடைவெளியில் குடியிருந்த இருவரும் அவரவர் வாசலிலிருந்து, கால் எடுத்து வைக்காமலே நகர ஆரம்பித்தார்கள். அண்ணன் கையில் செய்தித்தாள், தங்கை வாயில் நுரையோடு பிரஷ். வேகம் ஒன்றும் இல்லை, தள்ளுவண்டி போகிற வேகம்தான். தெருமுனைகளில் ஒழுங்காகத் திரும்பினார்கள், எதிரே வந்த பால்காரருக்கு வழிவிட்டார்கள், சரியாகப் பாதி வழியில், பெட்ரோல் பங்க் முன்னால், நான்கு அடி இடைவெளியில் வந்து நின்றார்கள். ஒன்பது வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் என்பதால் உடனே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பங்க்கில் காற்றடிப்பவர் இவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்து, "வண்டி எங்க?" என்று கேட்டார்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது அவர் செய்த காரியம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. பட்டப்பெயர் கத்திரி. கத்தரிக்கோலை அவர் தொடுவதே இல்லை, எல்லாம் பிளேடுதான். ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் விசாரித்துவிட்டா வைக்கிறார்கள்? நாற்பத்தோராவது வயதில், யாரும் சொல்லித்தராமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தார். முதல் வருடம் பென்சில். அந்தப் படங்களில் ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் ஒரே முகம். இரண்டாம் வருடம் ரப்பர் தகட்டில் செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுத்தார். எழுத்தை இடம் வலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது நாற்பது வாழ்த்து அட்டை அச்சடித்து அனுப்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. சொந்தக்காரர்கள் அவற்றைக் கண்ணாடி முன்னால் பிடித்து வாசித்துவிட்டு நன்றி சொன்னார்கள். மூன்றாம் வருடம் கறுப்புத் தாளை வெட்டிப் படம் செய்ய வந்தார், அதிலேயே தங்கிவிட்டார்.

இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். முழுப்படமும் ஒற்றைத் தாளில் வெட்டுவது என்பதால் ஒவ்வொன்றும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பறவை கிளையைத் தொட வேண்டும், கிளை ஜன்னலைத் தொட வேண்டும், தொடாதது விழுந்துவிடும். இதைக் கத்திரி தன் முதலாளியின் தயவில் கற்றுக்கொண்டார். கடையைப் படமாக வெட்டியபோது முதலாளியின் மூக்குக்கும் அவர் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மயிரிழைக் காகிதம் விட மறந்துவிட்டார். தாளைத் தூக்கியதும் கண்ணாடி மட்டும் கழன்று மேசையில் விழுந்தது. மறுநாளிலிருந்து முதலாளியின் மூக்கில் எந்தக் கண்ணாடியும் நிற்கவில்லை. ஊரிலேயே பெரிய கண்ணாடிக்கடை வைத்திருக்கும் மனிதர், இன்றுவரை ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரம் பார்க்கிறார். விழுந்த துண்டைக் கத்திரி பசை போட்டு ஒட்டிப் பார்த்தார். படத்தில் ஒட்டியது, மூக்கில் ஒட்டவில்லை. முதலாளி தங்கமான மனிதர். "விடுப்பா, இந்தக் கை சும்மாதானே இருந்துச்சு" என்று விட்டுவிட்டார். கத்திரிதான் பயந்துபோய் இரண்டு மாதம் பூவும் மேகமும் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் மனிதர்களை வெட்ட வைத்தது அவருடைய அம்மா. "எல்லாரும் இருக்கிற மாதிரி ஒரு படம் வெட்டுடா. போட்டோவுலதான் அது வாய்க்கல" என்றார். அந்தப் போட்டோதான் ஒன்பது வருடச் சண்டைக்கும் மூலம். கத்திரியின் கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் நிறுத்தியபோது, தங்கை தன் குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் தேடிப் போயிருந்தாள். போட்டோகிராஃபர் அவசரப்பட்டார். பசியில் இருந்த அண்ணன், வரிசையைச் சரியாகப் பார்க்காமல், "போதும், எடுங்க" என்றார். செருப்போடு தங்கை வந்தபோது படம் முடிந்து பந்தி ஆரம்பித்திருந்தது. "நான் இல்லாமலே குடும்பம் நிறைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். அண்ணன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ஒரு செருப்புக்குப் போய் இவ்வளவு நேரமா?" என்று கேட்டுத் தொலைத்தார். அதோடு சரி.

கத்திரி ஐந்து வாரம் உட்கார்ந்து வெட்டினார். நடுவே நாற்காலியில் அம்மா. சுற்றிலும் கத்திரியின் மனைவி, அண்ணி, மாப்பிள்ளை, பிள்ளைகள், ஒருவர் தோளில் ஒருவர் கை. தன்னையும் மறக்காமல், தலையில் கொஞ்சம் கூடுதல் முடியோடு போட்டுக்கொண்டார். (மறுநாள் முடி வளரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.) வலது ஓரத்தில் அண்ணன், வெயிலோ மழையோ அவர் கையை விட்டு இறங்காத குடையோடு. அதற்கும் அப்பால்தான் தங்கைக்கு இடம் மிச்சம் இருந்தது. கைகோத்து நிற்க வைத்தால் இருவருமே படத்தைக் கிழித்துவிடுவார்கள் என்று யோசித்து, விரிந்த குடையின் விளிம்பு தங்கையின் உச்சந்தலையைத் தொடுகிற மாதிரி மட்டும் வெட்டினார். திங்கட்கிழமை சாயங்காலம் தாளை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். ஒன்றும் விழவில்லை. அம்மா கைதட்டினார். மறுநாள் காலை நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் முன்பே ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்தான்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். தங்கை பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துபவள். காலையில் தங்கை பயிற்சிக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் சீட்டில் முட்டிக்கொண்டாள். மதியத்துக்கு மேல் அண்ணன், ஆண்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகைக்குக் கீழே ஒரு ஸ்டூலில், திரைக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ராத்திரிக்கு ஒரு நாள் அவர் வீடு, ஒரு நாள் இவள் வீடு என்று முறை வைத்துக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒரு கட்டில். குளியலறை விஷயத்தில் கதவுகள் பெரிய உதவியாக இருந்தன என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இத்தனையிலும் இருவரும் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க, கத்தரிக்கோல் எட்டல" என்று தங்கை, தலையில் சாயத்தோடு இருந்த வாடிக்கையாளரிடம் சொல்வாள். "பின்னாடி இருக்கிறவங்களை ஜன்னலை ஏத்தச் சொல்லும்மா" என்று அண்ணன், கியர் மாற்றத் தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்த மாணவியிடம் சொல்வார். அந்த மாணவி அந்த வாரமே நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டாள். கியர் அவளுக்கு அந்தத் தூதைவிடச் சுலபமாக இருந்தது.

பதினோராம் நாள், படத்தின் கதை அம்மா வழியாகத் தெரிந்து, இருவரும் கத்திரியின் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் வீட்டுக்கு நேர் எதிர் வீடுதான். "அந்த இடத்துல ஒரு வெட்டு வெட்டி விட்டுடு. நிம்மதியாப் போயிடறோம்" என்றார் அண்ணன். கத்திரி படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். குடை விளிம்பைக் காட்டினார். "இது ஒண்ணுதான் இவளைப் பிடிச்சிருக்கு அண்ணா. வெட்டினா இவ தனியா விழுந்துடுவா. எங்க முதலாளி மூக்கை நீங்க பார்த்திருக்கீங்க" என்றார். கண்ணாடி என்றால் கையால் பிடித்துக்கொள்ளலாம். குடும்பத்திலிருந்து கழன்று விழுந்த ஒருத்தியை எப்படிப் பிடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கை அன்றுதான் படத்தை முதல்முறை பார்க்கிறாள். தாளில் இருந்த தன் காதோரச் சுருள்முடியைத் தொட வந்து, தொடாமல் விரலை மடக்கிக்கொண்டாள். "என்னையும் போட்டிருக்கீங்களா சின்னண்ணா" என்றாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெட்ட வேண்டாம். ஆனா இன்னொரு நாள் அந்தக் கார்ல என்னால உட்கார முடியாது. ஒரு வழி பண்ணுங்க" என்றாள்.

வழி சொன்னது கத்திரியின் மனைவி. ஆரம்பப் பள்ளி ஆசிரியை, ஆண்டு விழாவுக்கு வருடம் தவறாமல் காகிதத் தோரணம் செய்கிறவர். "தாளை அறுக்காமலே நீளமாக்கலாமே. இந்தப் பக்கம் ஒரு கீறல், அந்தப் பக்கம் ஒரு கீறல்னு மாத்தி மாத்திப் போட்டா இழுக்க இழுக்க வரும். குடையில போடுங்க" என்றார். இருபது வருடமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்று கத்திரி வெட்கப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். கத்திரி புது பிளேடு மாட்டிக்கொண்டார். அண்ணன் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தங்கை கையில் போனோடு, துணைக்குத் தன் கணவரோடு, தன் வீட்டை நோக்கி வாசலில் நின்றாள். முதல் கீறலில் கேட்டைத் தாண்டினாள். மூன்றாவதில் தெருமுனை. ஏழாவதில் பெட்ரோல் பங்க், காற்றடிப்பவர் கையசைத்தார். ஒவ்வொரு கீறலுக்கும் அவள் போனில் இடத்தைச் சொல்ல, அம்மா நாற்காலியில் இருந்தபடி, "சபாஷ், அடுத்தது" என்றார். கீறல்களுக்கு நடுவே மிஞ்சிய காகிதம் மெலிந்துகொண்டே வந்தது. பதினாறாவது கீறலில் ஆறு தெரு தாண்டி, சலவைக்கடை வாசலில் நின்றாள். அதற்குமேல் கால் நகரவில்லை. வீட்டுக்கு இன்னும் ஒரே ஒரு தெரு.

"இன்னும் ஒண்ணு போதும் சின்னண்ணா. போடுங்க" என்றது போன்.

பதினேழாவது கீறலுக்கு இடம் இருந்தது, இல்லாமலும் இருந்தது. கத்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு பிளேடின் முனையைத் தாளில் வைத்தார். விளிம்பில் ஒரு நார் லேசாகப் பிரிந்தது. அப்போது அண்ணன் தன் பெரிய உள்ளங்கையைப் பிளேடுக்கும் தாளுக்கும் நடுவில் நீட்டினார். கையில் கீறல் விழுந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

"போதும்டா, நிறுத்து. அறுந்துச்சுன்னா அவ விழுந்துடுவா. அவ இல்லாத படம் ஒண்ணு எடுத்ததே என் ஆயுசுக்கும் போதும். நான் வீட்டை மாத்திக்கறேன். ஒரு தெரு தானே, நான் கிட்ட போயிக்கறேன்."

சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியை வைக்கிற சத்தம் போனில் கேட்டது. பிறகு தங்கை, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, நேராகப் பேசினாள்.

"மாடி வீடாப் பார்த்துடாதீங்க அண்ணா. உங்க முட்டி தாங்காது."

அண்ணன் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் தெரியாது என்று அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

அந்த மாதமே தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. பார்த்து முடிவு செய்தது தங்கைதான். அண்ணனின் குடை அன்றிலிருந்து பதினாறு இடத்தில் ஒழுகுகிறது, ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் போகிறார். பயிற்சிக் கார் ஊர் எல்லையைத் தொடும் நாட்களில் தங்கை கத்தரிக்கோலும் கையுமாக இரண்டு அடி பக்கவாட்டில் நகர்வாள். வாடிக்கையாளர்களுக்கு அது பழகிவிட்டது, நாற்காலியையும் கூடவே நகர்த்திக்கொள்கிறார்கள். வெளியூர்ப் பயணம் என்றால் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு பயணத்தில் முணுமுணுத்தார்கள், மூன்றாவதில் சீட்டுக்கட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

படம் கத்திரியின் கூடத்தில் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் குடை நசுங்கும் என்பதால் திறந்தபடியே விட்டிருக்கிறார். அந்தக் கூடத்தில் ஃபேனை இரண்டாம் எண்ணுக்கு மேல் வைப்பதில்லை. ஒருமுறை புழுக்கம் தாங்காமல் விருந்தாளி ஒருவர் ஐந்தில் வைத்துவிட்டார். அண்ணன் அவர் வீட்டு வாசலிலும் தங்கை அவள் கடையிலும் கால் மணி நேரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் போன் செய்து, "உனக்கும் ஆடுதா?" என்று கேட்டார். "ஆடுது அண்ணா, நல்லாத்தான் இருக்கு" என்றாள் தங்கை. அதற்குள் அம்மா எழுந்து போய் ஃபேனைக் குறைத்துவிட்டார்.