குமிழி இல்லாத கண்ணாடி

“எந்தப் பெட்டியிலருந்து எடுத்தீங்க?”

“எதுவா இருந்தா என்ன? குமிழி இல்லாத கண்ணாடி அது ஒண்ணுதான் இருந்துச்சு. லண்டன்லருந்து புதுசு வர்ற வரைக்கும் சூரியன் காத்துக்கிட்டு நிக்குமா?”

லெட்டிஷியா மஞ்சள் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். கணவர் ஹம்ஃப்ரி வின்ஸ்கோம்ப் தொலைநோக்கியில் படம்பிடித்துக் கழற்றிய கண்ணாடித் தகட்டோடு, அதில் பூசிய மருந்து காய்வதற்குள் இருட்டறைக்கு ஓடிவந்திருந்தார். நான்கு நாளாக மூடிக்கிடந்த கென்ட் வானம் இன்று நண்பகலில்தான் திறந்தது. சூரியன்மேல் பெரிய கறை. வெள்ளிக்கிழமை வானியல் சங்கத்தில் அதைக் காட்டியாக வேண்டும்.

“மேல்தட்டுப் பெட்டியா?”

மேல்தட்டில் இருந்தது கண்ணாடியில் பதிந்த ஒரே படம். புது லென்ஸைச் சோதிக்க, ஆறு வயது மகள் டோர்கஸின் கழுத்தை அசையாதபடி இரும்புக் கவ்வியில் நிறுத்தி அவர் எடுத்தது. பிப்ரவரியில் செங்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. காகிதத்தில் ஒரு பிரதி போட்டுத் தரச் சொல்லி லெட்டிஷியா மூன்று முறை கேட்டுவிட்டாள். சூரியன் முடியட்டும் என்பார்.

“ஆமா. நேத்து ஊறப்போட்டு அந்தப் படத்த உரிச்சேன். காலையில நீதானே தேய்ச்சே?”

தேய்த்தாள்தான். ஆறு வெறுங்கண்ணாடிகள், சுண்ணாம்புத் தூளும் சாராயமும் தொட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. விரல்களில் இன்னும் அந்த வாசனை.

அவர் படத்தை எழுப்பும் மருந்தைத் தகட்டின்மேல் ஊற்றினார். சூரியன் கறுப்பு வட்டமாக எழுந்தது, நடுவில் கறை துல்லியமாக. சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். வட்டத்துக்கு வெளியே புகைபோல ஒரு காது, தாடை, சரிகைக் கழுத்துப்பட்டி. மிச்ச முகம் சூரியனுக்கு அடியில்.

“என்ன எழவு இது! பழசு எட்டிப் பாக்குது. ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு? அவ போனதுலருந்து உன் கையில வலுவே இல்ல. இன்னும் ரெண்டு தேய்ப்பு தேய்ச்சிருந்தா போயிருக்கும்.”

லெட்டிஷியா குனிந்தாள். அவளே பின்னிய சரிகை. ஓரத்தில் தவறவிட்ட ஒரு கண்ணிகூடத் தெரிந்தது. படத்தை நிலைநிறுத்தும் சயனைடு கரைசலை ஊற்றினால் அந்த உருவம் அழியாமல் நிற்கும். ஊற்றாவிட்டால் வெளிச்சம் பட்டதும் கறுத்துப்போகும்.

ஹம்ஃப்ரி கந்தலை எடுத்துச் சாராயத்தில் முக்கினார்.

“மேகம் வர்றதுக்குள்ள இதுலயே இன்னொண்ணு எடுக்கணும். விலகு, இந்தத் தடவை நானே தேய்க்கிறேன்.”

அவள் சயனைடு சீசாவை இரு கையாலும் நீட்டினாள்.

“ஒரே நிமிஷம், ஹம்ஃப்ரி. இத மட்டும் ஊத்த விடுங்க.”