கிராணி அழுத இடங்கள்

சிவநேசனுக்குத் தன் நாவலைக் கண்டாலே குமட்டியது. பதினான்காம் அத்தியாயத்தோடு நின்று இரண்டு வருஷமாகிறது. மலேசியாவில் ஈப்போ நில அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டி ஓய்வுபெற்று, எழுபத்துநான்கு வயதில் எழுத உட்கார்ந்தவர். தெலுக் இந்தான் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்துக் கதை. அங்கே அவருடைய தகப்பனார்தான் கிராணி; ஆள்களின் பேரைப் பதிந்து வேலை கொடுக்கிற எழுத்தர். நாவலின் நாயகரும் அவரே.

பதினைந்தாம் அத்தியாயத்தில் தொழிலாளர்கள் கொதித்தெழுந்து வேலைநிறுத்தம் செய்ய வேண்டும். கொதிக்கத்தான் ஒரு காரணமும் அகப்படவில்லை. தினமும் காலையில் பேனாவை எடுப்பார், முதல் அத்தியாயத்தில் நாலு வார்த்தையை மாற்றுவார், மூடி வைத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போவார். கேட்டால் மெருகேற்றுகிறாராம். வெட்கக்கேடு!

கையெழுத்தைத் தட்டச்சு செய்து கொடுப்பவள் புஷ்பலதா. ஈப்போவின் சிலிபின் பகுதியில் நகல் கடை வைத்திருக்கிறாள், அவளும் தோட்டத்துக் குடும்பம். அன்றைக்கும் மாற்றிய பக்கங்களை நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

“கோவிச்சுக்காதீங்க சார். ஒன்னு கேக்கலாமா?”

“கேள் பிள்ளை.”

“இந்தக் கிராணி இதுவரைக்கும் ஆறு தடவ அழுதுட்டாரு. பால்மரம் வெட்டுற சனங்க ஒரு தடவகூட அழலையே லா. இப்படி ஒரு கிராணி எந்தத் தோட்டத்துல இருந்தாரு? கிராணி வீட்டத் தாண்டறப்ப சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவணும்னு எங்கப்பா சொல்வாரு.”

“அது அந்தக் காலத்து வழக்கம்” என்றார் சிவநேசன். பதில் எண்ணெய் தடவினாற்போல வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த வழவழப்பே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்தார். அப்பாவு என்கிற தொழிலாளி புதுச் சைக்கிளில் இறங்காமலே கிராணி வீட்டைக் கடந்து போகிறான். கிராணி புன்னகையோடு கையசைக்கிறார். பொய். பச்சைப் பொய். அப்பாவு கடந்து போனதைத் தகப்பனார் பார்க்கவே இல்லை. வாசற்படியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒன்பது வயது மகன் பார்த்தான். சாயங்காலம் ஓடிப்போய் வத்தி வைத்தான்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள்கணக்கு எடுக்கக் கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால், சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றச் சொன்னார் கிராணி. பத்துச் சுற்று. ஏழாவது சுற்றில் அப்பாவு வாந்தி எடுத்தார். சுற்றுகளை உரக்க எண்ணியது மகன்தான். சிரித்துச் சிரித்து எண்ணினான். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

சிவநேசன் ஒன்பதாம் அத்தியாயத்தைக் கிழித்தார். கிராணி அழுத ஆறு இடங்களையும் அடித்தார். தூ, இதையா அறுபது வருஷமாகப் பாசம் என்று சுமந்தேன் என்று தன்னையே வைதுகொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதினார். பத்தாவது சுற்று முடிந்ததும், கூட்டத்தில் நின்ற ஒருத்தி கிராணியின் காலடியில் காறித் துப்பினாள். அது சிவநேசனின் கற்பனை. ஆனால் அவள் துப்பியதும் நாவல் பிய்த்துக்கொண்டு ஓடியது. யாரும் பால்மரம் வெட்டப் போகவில்லை. வேலைநிறுத்தம் தானாக வந்தது. இருபத்துமூன்று நாளில் கடைசி வரியை எழுதிவிட்டார்.

புஷ்பலதா ஒரு வாரம் தட்டினாள். கடைசிப் பக்கத்தன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“முற்றும்னு போட்டுடவா சார்?”

“போடு பிள்ளை.”

போட்டாள். இரண்டு வருஷப் பாரம் இறங்கி மனசு துள்ளும் என்று நினைத்திருந்தார். துள்ளவில்லை.

“அந்த எண்ணுன பையன் யாரு சார்?”

“நான்தான்.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்பாவு அப்புறம் என்ன ஆனாரு?”

“வேலைநிறுத்தத்தில முன்னுக்கு நிக்கிறாரே. அதில எழுதியிருக்கு.”

“கதையில இல்ல சார். நெசமா.”

முந்நூறு பக்கம் அந்த மனிதரை வைத்து எழுதியாகிவிட்டது.

“தெரியாது பிள்ளை” என்றார். “நான் ஒருநாளும் கேக்கேல்லை.”